நாணயம் பார்த்தல்

மட்டக்களப்பு நாட்டிலே வண்ணக்கர் என்ற சொல்லுக்கு எவரும் அகராதி தேடுவதில்லை. கொக்கட்டிச்சோலையாயினும் மண்டூராயினும் கோயிற் கருமங்களைப் பொறுப்பேற்று நடத்துபவரை அப்பெயராலேயே அழைப்பர். ஆயின், பழந்தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு தொழில் உண்டு. கைக்கு வந்த காசைச் சோதித்து, நல்லது இது, கள்ளம் இது எனப் பிரித்துச் சொல்பவனே வண்ணக்கன். சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் தாமோதரனார் என ஒருவர் இருந்தமையை நாம் அறிவோம். பிறர் பொருளை ஒருவர் கையில் நம்பிக் கொடுக்குமிடத்து நாணயம் அறிந்தவர் வேண்டும் என்பது இவ்விரு தொழிலுக்கும் பொது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லைத் தமிழர் வழங்கி வருவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

நான் கோயில் வண்ணக்கன் அல்லன். அரச திணைக்களமொன்றிற் கணக்காளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனினும், 2005 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டு காலம், திட்ட முகாமையாளர் பதவிகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சைக் குழுக்கள் பலவற்றில் உறுப்பினனாக அமர்ந்திருக்கிறேன். காசுக்குப் பதிலாக மனிதரைச் சோதித்துப் பார்க்கும் வேலை அது. அவ்வேலையில் நான் செய்த முதற் பிழையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். இவ்விதழைப் படிக்கும் மாணவர் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் அத்தகைய மேசையின் ஒருபுறத்தில் அமர்வர். காலப்போக்கிற் சிலர் மறுபுறத்தில் அமர்வர். இருசாராருக்கும் இஃது ஓரளவு பயன்படலாம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலை கடல் பெருகி வந்தபோது இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாவலடி, திருச்செந்தூர், கல்லடி எனக் கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலத்திற் கிடந்த எங்கள் ஊர்கள், அத்திவாரக் கற்கள் மட்டுமே எஞ்ச அழிந்தன. கிழக்கே கடல்; மேற்கே வாவி; ஓடிப்போக இடமிருக்கவில்லை. அடுத்து வந்த மாதங்களில் உலகின் பல திசைகளிலிருந்தும் உதவி நிறுவனங்கள் வந்திறங்கின. நகரில் வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. 1924 இற் கட்டப்பட்ட ஒடுங்கிய கல்லடிப் பாலத்திலே வெள்ளை வாகனங்கள் வரிசையாகக் காத்து நின்றன. பணம் இருந்தது, வேலையும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் ஆளைத்தான் காணவில்லை. அந்த ஆளுக்குத் திட்ட முகாமையாளர் என்று பெயரிட்டு, பத்திரிகைகளில் வெற்றிட விளம்பரங்களை வெளியிட்டனர்.

அதுவரை எங்கள் ஊரில் அப்பெயருடைய பதவி அரிது. ஓவசியர் இருந்தார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருந்தார், ஒப்பந்தகாரர் இருந்தார். குறித்த காலத்தில், குறித்த பணத்துக்குள், குறித்த பொருளை முடித்து ஒப்படைக்கும் பொறுப்பை ஒருவர் தலையிலே சுமத்துவது மேற்கிலிருந்து வந்த முறை. வேலைகளைக் கோடுகளாக வரைந்து நாட்காட்டியின்மீது கிடத்திக் காட்டும் படத்தை 1910 களில் ஹென்றி கான்ற் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பரப்பினார். 1950 களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கெனப் புதிய கணிப்பு முறைகள் வகுக்கப்பட்டன. ஏவுகணைக்குப் பிறந்த முறைகள் அரை நூற்றாண்டின் பின் நாவலடி மணலுக்கும் வந்து சேர்ந்தன. அம்முறைகளை நான் பழிக்கவில்லை. அவை நல்ல கருவிகளே. அவற்றின் பெயர்களை உச்சரிக்கத் தெரிந்தவரே வேலை தெரிந்தவர் என எண்ணியதுதான் எங்கள் மயக்கம்.

2005 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று வீடு கட்டும் திட்டத்துக்கு ஒரு முகாமையாளரைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. உள்ளூர் நிலைமை தெரிந்த ஒருவர் குழுவில் இருக்கவேண்டும் என்பதற்காக என்னை அழைத்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் தலைவர், கொழும்புக் காரியாலயத்து நிருவாக உத்தியோகத்தர் மற்றவர், மூன்றாமவன் நான். அறுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து ஒன்பது பேரை அழைத்திருந்தனர். புள்ளித்தாள் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. கல்விக்கு 20, அனுபவத்துக்கு 30, ஆங்கிலத்துக்கு 20, கணினி அறிவுக்கு 10, தோற்றத்துக்கும் பேச்சுக்கும் 20. கணக்காளனாகிய எனக்கு அத்தாள் மிகவும் பிடித்திருந்தது. கூட்டினால் 100 வந்தது. அதிற் குறைகாண வேறு எதையும் நான் தேடவில்லை.

முதலில் வந்தவர் ஓர் இளைஞர். கொழும்பிற் பட்டம் பெற்று, இரண்டாண்டு வேலையும் பார்த்தவர். வெண்ணிறச் சட்டை, தெளிந்த ஆங்கிலம். முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வீர் எனத் தலைவர் கேட்டதும், எழுதிவைத்துப் படிப்பவர்போல் ஒழுங்காக விடையளித்தார். பங்குதாரர்களை இனங்காண்பது, தேவைகளை மதிப்பிடுவது, இடர்களை வரிசைப்படுத்துவது, மாதந்தோறும் முன்னேற்ற அறிக்கை கொடுப்பது என்று விரல்விட்டு எண்ணினார். ஒன்பது மாதத்தில் 120 வீடுகளை முடிக்க முடியுமா என்ற கேள்விக்கு, சரியாகத் திட்டமிட்டால் முடியாத காரியம் இல்லை என்றார். உமது குறை என்ன என்ற வினாவுக்கு, எதையும் முழுமையாகச் செய்யாமல் ஓய முடியாதது என் குறை என்றார். தலைவரின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கவேண்டும்.

அன்று கடைசியாக வந்தவர் படுவான்கரைக்காரர். வாவியின் மேற்கே சூரியன் படும் கரை படுவான்கரை. கிழக்கே எழும் கரை எழுவான்கரை. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் அப்போது நடைமுறையில் இருந்தது. எனினும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரம் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. அங்கிருந்து நகருக்கு வருவோர் வவுணதீவில் இருதரப்புச் சோதனைகளையும் கடந்தே வரவேண்டும். பத்தரை மணிக்கு அழைக்கப்பட்டிருந்த அவர் வந்து சேரும்போது பன்னிரண்டு மணியாகிவிட்டது. சைக்கிளில் வந்தவரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்பது வயதிருக்கும். கிராம அபிவிருத்திச் சங்க வேலைகளிற் பதினைந்து ஆண்டு உழைத்தவர். தகப்பனார் வட்டவிதானையாக இருந்தவர். பிந்தியதற்குக் காரணத்தை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தச் சாவடியில் நானே மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். ஆயினும், நேரந் தவறாமை என்ற பகுதியில் அவருக்குரிய புள்ளியைக் குறைத்தவன் நானே.

முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வீர் என்று அவரிடமும் கேட்கப்பட்டது. அவர் தடுமாறும் ஆங்கிலத்தில் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார்: காணி எங்கே? கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற அரச அறிவித்தல் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றர். கடலுக்கும் வாவிக்கும் இடையிலான நிலமே சில நூறு மீற்றர் அகலமாயுள்ள ஊர்களில் அவ்வறிவித்தலின் பொருள், பழைய வளவில் வீடு இல்லை என்பதுதான். ஆகவே, மாற்றுக்காணி வேண்டும். காணிக்குப் பிரதேச செயலாளரின் கையெழுத்து வேண்டும். கிடைக்கக்கூடிய காணியோ பள்ளக்காணி. மாரியில் நீர் நிற்கும். கிரவல் கொட்டி உயர்த்தினாலும் அது இறுகுமுன் அத்திவாரம் வெட்டலாகாது. இவ்வளவையும் அவர் வரிசையாகச் சொன்னார்.

ஒன்பது மாதத்தில் 120 வீடு முடியுமா என்று தலைவர் கேட்டார்.

"முடியாது" என்றார் அவர்.

பிறகு கணக்குச் சொன்னார். ஆடியில் தொடங்கினால் ஐப்பசி நடுப்பகுதி வரை வேலை நடக்கும். அதன்பின் வடகீழ்ப் பருவமழை. தை பிறக்கும்வரை பள்ளக்காணியில் லொறி இறங்காது. ஆகவே ஒன்பது மாதம் என்பது உண்மையில் ஆறரை மாதம். எல்லா நிறுவனங்களும் ஒரே மேசன்மாரைத் தேடுகின்றன; புரட்டாதிக்குள் கூலி ஏறும்; கூடக் கொடுக்கும் இடத்துக்கு அவர்கள் போவார்கள். பங்குனிக்குள் நாற்பது வீடு என்று மக்களுக்குச் சொல்லலாம். மிகுதிக்கு அடுத்த ஆவணி வேண்டும். நிருவாக உத்தியோகத்தர் தமது தாளில் ஏதோ எழுதினார். ஓரக்கண்ணாற் பார்த்தேன்: 'நம்பிக்கை இல்லாதவர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

நீர் தோல்வியுற்ற வேலை ஏதும் உண்டா என்பது இறுதி வினா. இதற்கு விடைசொல்லத் தம்மிடமிருந்த ஆங்கிலம் அவருக்குப் போதவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழிற் சொல்லத் தொடங்கினார். ஓராண்டு ஒரு சிறுகுளத்தின் அணைக்கட்டைத் திருத்தும் வேலையை அவர் பொறுப்பேற்றிருந்தார். மண் வந்து சேரப் பிந்திவிட்டது. மழைக்கு முன் கட்டு முடியாது என்று புரட்டாதி நடுவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும்படி சங்கத் தலைவர் வற்புறுத்தினார். அவரோ கோயில் முன்றலில் ஊரைக் கூட்டி, கட்டு முடியாது, பள்ளத்து வயல்களில் இம்முறை விதைக்க வேண்டாம் என்று சொன்னார். ஏசாதவர் இல்லை, ஒருவர் அடிக்கவும் வந்தார். கார்த்திகையில் குளம் உடைத்து அவ்வயல்களை மூடிற்று. "வேலை தோல்விதான் சேர். ஆனால், விதைநெல் மிஞ்சிற்று" என்று முடித்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். மணி ஒன்றை நெருங்கிற்று. மதிய உணவு வந்து அடுத்த அறையிற் காத்திருந்தது. அவர் ஐந்து நிமிடம் சொன்னதை நான் ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்: ஒரு குள வேலையை மழையினால் இவரால் முடிக்க முடியவில்லையாம். அவ்வளவுதான். கோயில் முன்றலை நான் சொல்லவில்லை. விதைநெல்லைச் சொல்லவில்லை. தலைவர் தலையசைத்துத் தாளில் ஒரு சிறிய எண்ணை எழுதினார். அந்த எண் அவர் எழுதியதாயினும், எழுதுவித்தவன் நான்.

பிற்பகலிற் கூட்டிப் பார்த்தபோது முதல் இளைஞர் 81 புள்ளி பெற்றிருந்தார், படுவான்கரைக்காரர் 58. மூவரும் ஒப்பமிட்டோம். வீட்டுக்குப் போகும் வழியில் என் மனத்தில் ஏதோ உறுத்திற்று. ஆயினும், தாளில் இருந்த கூட்டல் சரியானதே என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன்.

அந்த இளைஞரை நான் குறைகூற மாட்டேன். அவர் சோம்பேறியும் அல்லர், கள்வரும் அல்லர். இரவு பகலாக உழைத்தார். ஆனால், 'முடியும்' என்று சொல்லியே வேலை பெற்றவர் 'முடியாது' என்று எந்த வாயாற் சொல்வார்? மாதந்தோறும் கொழும்புக்குப் போன அறிக்கைகளில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே இருந்தது. காணிக் கையெழுத்து ஆவணி முடிவிலேதான் கிடைத்தது. கிரவல் இறுகுமுன் அத்திவாரம் வெட்டினர். கார்த்திகை மழையில் அத்திவாரங்களுள் முழங்கால் நீர் நின்றது. பங்குனிக்குள் வீடு என்ற வாக்கை நம்பித் தற்காலிகக் கொட்டில்களின் கூரையைத் திருத்தாமல் விட்ட குடும்பங்கள், அம்மாரியைத் தறப்பாளின்கீழ் நனைந்தபடி கழித்தன. அக்குடும்பங்களுள் இரண்டு எனக்கு உறவு. மாசி மாதத்தில் அவ்விளைஞர் கூடிய சம்பளத்துக்கு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அப்போது கூரை ஏறியிருந்த வீடுகள் பதினேழு.

2006 இற் போர் மீண்டும் மூண்டது. வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மற்றவரைத் தெரிவு செய்திருந்தால் 120 வீடும் எழுந்திருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. அவரே நாற்பது என்றுதான் சொன்னார். நாற்பதென்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால், மற்ற எண்பது குடும்பமும் மாரிக்கு முன் கொட்டிலைத் திருத்தியிருக்கும். அவர் காப்பாற்றியிருக்கக்கூடிய விதைநெல் அதுதான்.

இதன்பின் வேறு குழுக்களில் அமர்ந்தபோதெல்லாம், ஆளைத் தெரிவு செய்தல் என்பதை நம் முன்னோர் எவ்வாறு நடத்தினர் என்று எண்ணிப் பார்க்கலானேன். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஆளை ஆராய்வது ஒன்று. ஆராய்ந்தபின் வேலையை ஒப்படைத்து நடத்துவது மற்றொன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலையாற் பொறுக்கும் விதிகளைச் சொல்கிறது. 921 ஆம் ஆண்டு விதிப்படி வயது 35 இற்குக் குறையாமலும் 70 இற்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். பேச்சுவன்மைக்கு அங்கே புள்ளி இல்லை. கணக்குக் காட்டியமைக்கே மதிப்பு. கணக்காளனாகிய எனக்கு இவ்விதி மிகவும் உவப்பானது. எனினும், நிலமும் வேதக்கல்வியும் உடையோரின் பெயரே அக்குடத்தில் விழுந்தது என்பதையும் மறத்தலாகாது.

எங்கள் வயல்களில் வட்டவிதானையைத் தெரிவு செய்யும் முறையோ இன்னும் எளியது. விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்திலே விவசாயிகள் அவரைத் தெரிகின்றனர். வினாவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. பத்தாண்டாக அவர் எப்படி நீரைப் பங்கிட்டார், யாருடைய மாட்டைக் கட்டினார் என்பதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியும். பிழையான ஆளைத் தெரிந்தால் தம் வயலே காயும் என்பதும் தெரியும். உறவும் போடிமாரின் செல்வாக்கும் அங்கே புகுவதுண்டு. ஆயினும், தெரிபவரே விளைவையும் அனுபவிப்பர். எங்கள் குழுவில் இருந்த மூவரில் எவரும் தறப்பாளின்கீழ் நனையவில்லை. நேர்முகப் பரீட்சையின் பெருங்குறை இதுவென்றே கருதுகிறேன்.

ஆகவே, 2008 இன் பின் நான் அமர்ந்த குழுக்களிற் சில மாற்றங்களை வற்புறுத்தினேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ விடையளிக்கலாம் என அழைப்புக் கடிதத்திலேயே எழுதச் செய்தேன். ஆங்கிலம் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைத் தனியே ஓர் அறிக்கை எழுதுவித்துச் சோதித்தோம். தமிழில் வரும் விடையை முழுமையாக மொழிபெயர்க்க ஒருவரைத் தனியே அமர்த்தினோம்; அவருக்குப் புள்ளியிடும் உரிமை இல்லை. தூரத்திலிருந்து வருபவரைப் பிற்பகலுக்கு அழைத்தோம். பெண்களிடம் மட்டும் கேட்கப்பட்ட கேள்விகளை, அதாவது திருமணம் எப்போது, இரவிற் பயணம் செய்ய வீட்டார் விடுவார்களா என்பவற்றை, நீக்கினோம். எந்த ஊர் என்ற கேள்வியையும் நிறுத்தினோம். கேட்பதற்கு அது மரியாதைக் கேள்விபோலத் தோன்றும். மட்டக்களப்பில் ஊரின் பெயர் இனத்தையும் மதத்தையும் கரையையும், சிலவேளை குடியையுங்கூடச் சொல்லிவிடும். ஊரைக் கேட்டபின் கேட்கும் காது முன்னைய காதாக இருப்பதில்லை.

எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டோம். அவற்றுள் ஒன்று வாவியிலிருந்து எடுத்தது. மாரியில் வாவி பெருகுகிறது. படுவான்கரைத் தாழ்வயல்கள் மூழ்குகின்றன. முகத்துவாரத்து மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டும் என்கின்றனர் வயற்காரர். இப்போது வெட்டலாகாது என்கின்றனர் வலைகாரர். உமது வேலைத்தளம் வாவியோரத்தில் இருக்கிறது. நாளைக் காலை யாரை முதலிற் பார்ப்பீர்? என்ன சொல்வீர்? இவ்வினாவுக்குச் சரியான விடை ஒன்று இல்லை. ஆனால், அரசாங்க அதிபரின் கச்சேரிக்குக் கடிதம் எழுதுவேன் என்பவரையும், முதலில் முகத்துவாரத்துக்குப் போய் மணலின் உயரத்தைப் பார்ப்பேன் என்பவரையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

இவை என் கண்டுபிடிப்புகள் அல்ல. சிமிட், ஹன்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர், 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனம்போனபடி நடத்தும் நேர்முகத்தைவிட, ஒரே வினாக்களை ஒரே ஒழுங்கிற் கேட்டு நடத்தும் நேர்முகமும், வேலையின் ஒரு துண்டைச் செய்வித்துப் பார்ப்பதும், ஆளின் திறனை நன்கு முன்னறிவிக்கும் என்று அவர்கள் காட்டினர். அவர்களுடைய எண்கள் மிகை என 2022 இல் வேறு ஆய்வாளர் திருத்தியபோதும், ஒழுங்குபடுத்திய நேர்முகம் முன்வரிசையிலேயே நின்றது.

எனினும், எந்த உரைகல்லும் நெடுநாள் ஏமாறாமல் இருப்பதில்லை. தோல்வியைப் பற்றி நாங்கள் கேட்கிறோம் என்ற செய்தி ஈராண்டுக்குள் ஊரிற் பரவிற்று. ஒருவர் மிக உருக்கமான தோல்விக் கதையொன்றைச் சொன்னார். பண்ணைத் திட்டம், நோயில் மாண்ட கோழிகள், அழுத விதவைகள் யாவும் அதில் இருந்தன. நான் மனங்கசிந்து கூடிய புள்ளி இட்டேன். பின்னர் விசாரித்தபோது அப்படியொரு பண்ணையே இருக்கவில்லை. கள்ளக்காசு அடிப்பவன் வண்ணக்கனின் உரைகல்லையும் அறிந்துதான் அடிக்கிறான். அன்றுமுதல் தோல்வியைக் கேட்பதோடு நிறுத்தாமல், அதை யாருக்கு முதலிற் சொன்னீர், எந்த மாதத்தில், அவர் என்ன பதில் சொன்னார் என்றும் கேட்கலானேன். உண்மையில் நின்றவனுக்கு அம்முகங்கள் நினைவில் இருக்கும்.

2014 ஆம் ஆண்டு மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை துறையிற் காத்து நின்றவர்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடக்கலாயினர். அவ்வாண்டு கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்துக்குப் போயிருந்தேன். முன்றலில் ஒருவர் என்னை வணங்கி, "சேர், சுகமா?" என்றார். தலை நரைத்திருந்தது, ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டேன். ஈராண்டு முகாம்களில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, விவசாய அமைப்பொன்றின் கணக்குவழக்குகளைப் பார்த்து வருவதாகச் சொன்னார். மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திற் படிக்கிறாளாம். வேலைக்கு நேர்முகம் வந்தால் எப்படிப் பேசவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி என்னிடம் கேட்டார். பிறகு, எந்த மனத்தாங்கலும் இல்லாமற் சொன்னார்:

"அன்றைக்கு நான் நீட்டிச் சொல்லிவிட்டேன் சேர். நீங்கள் சுருக்கிச் சொன்னீர்கள்."

ஒன்பது ஆண்டாக, நான் செய்ததை நான் மட்டுமே அறிவேன் என்று எண்ணியிருந்தேன். அவருடைய ஆங்கிலம் பேசத் தடுமாறியதே தவிர, கேட்கத் தடுமாறவில்லை. என் ஒற்றை வாக்கியத்தை அவர் அங்கேயே இருந்து விளங்கிக்கொண்டார். கேட்டும் ஒன்றும் சொல்லாமல், நன்றி கூறி எழுந்து போனார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது பழங்கதை என்று சொல்லிவிட்டு, மகளின் காரியத்துக்கு மீண்டார். அப்பிள்ளை அடுத்த மாதம் என் வீட்டுக்கு வந்தாள். எப்படிப் பேசவேண்டும் என்று நான் அவளுக்கு அதிகம் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவர் குறைத்துச் சொன்னால், இடைமறித்து, இன்னும் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் என்று கேள் என்றேன். உன் தகப்பனாரிடம் குளக்கட்டுக் கதையை முழுதாகக் கேட்டுக்கொள் என்றும் சொன்னேன். அவள் சிரித்து, "அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம் சேர்" என்றாள்.